தோட்டத்து வழக்குகளில் வழக்குத்தொடுநரும் புலனாய்வாளரும்: முல்லோயா நிகழ்வை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

தொலைக்காட்சியிலே குற்றவியல் நாடகங்களைத் தொடர்ந்து பார்த்து வருவோருக்கு ஓர் இணை நன்கு பழக்கமானது. இருவரில் ஒருவர் வழக்குத்தொடுநர். சட்டநூலை விட்டு விலகாதவர். நீதிமன்றில் நிலைக்கக்கூடிய சான்று எது, நிலைக்காதது எது என்ற கணக்கிலேயே காலங்கழிப்பவர். மற்றவர் புலனாய்வாளர், தெருவையும் மனிதரையும் அறிந்தவர், குற்றவாளி யாரென்று தம்மளவில் முடிவுசெய்தபின் சட்டத்தின் நுணுக்கங்களை வீண் இடையூறாகக் கருதுபவர். ஒவ்வாத இவ்விருவரையும் ஒரே வழக்கிற் பிணைத்துவிட்டு, அவர்தம் பிணக்கிலிருந்து கதையை வளர்த்து, இறுதியில் உண்மையையும் நட்பையும் ஒருசேரப் பார்வையாளனுக்கு அளிப்பது இந்நாடகங்களின் மரபு. 1990ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'லோ அன்ட் ஓடர்' என்னும் தொடர் ஒவ்வொரு கதையையும் இரண்டாகப் பகுத்து, முற்பாதியைப் புலனாய்வாளருக்கும் பிற்பாதியை வழக்குத்தொடுநருக்கும் ஒதுக்கியது.

இப்பிணக்கு வெறுங் கற்பனையன்று. அதன் பின்னால் ஒரு நிறுவன ஏற்பாடு உண்டு. குற்றத்தைத் துப்புத்துலக்குபவனும் அதற்காக ஒருவனை நீதிமன்றில் நிறுத்துபவனும் வேறுவேறு ஆட்களாக, வேறுவேறு அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர்களாக இருந்தாலன்றி அவர்கள் முரண்படுவதற்கு இடமேயில்லை. ஸ்கொத்லாந்திலே பொலிசாரின் புலனாய்வை நெறிப்படுத்துவதும் வழக்குத் தொடுப்பதும் தனியொரு சட்ட அலுவலரின் பொறுப்பாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளன. இங்கிலாந்திலோ பொலிசாரே பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்து வந்தனர். 1985ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னர், 1986இலேயே அதற்கெனத் தனிச் சேவை ஒன்று அங்கு இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பொலிஸ் அலுவலர் உதவி அரச வழக்குரைஞராக நியமனம் பெறுவதைத் தடுத்தது. இலங்கையில் மேல்நிலை நீதிமன்றுகளிற் சட்டமா அதிபர் வழக்கை நடத்த, நீதவான் நீதிமன்றுகளில் பொலிசாரே முறைப்பாட்டாளராகவும் வழக்கை நடத்துபவராகவும் நிற்கும் வழக்கம் பிரித்தானியர் காலந்தொட்டு நிலைத்துவிட்டது. "பொலிஸ் பிடித்தது, பொலிஸ் கேஸ் போட்டது" என்று பேச்சுவழக்கிலே இரு வினைகளுக்கும் ஒரே எழுவாயை வைத்துப் பேசுகிறோம். அந்த எழுவாயை எவரும் கேள்விக்குள்ளாக்குவதில்லை. கீழ்நீதிமன்றுக்கே ஒருகாலத்தில் 'பொலிஸ் கோடு' என்றுதான் பெயர். அங்கு நீதி வழங்கியவர் 'பொலிஸ் மஜிஸ்திரேட்'. பெயர் பின்னர் மாறியது.

மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் இவ்வொருமைப்பாடு எத்தகைய விளைவுகளைத் தந்தது, இருவரும் பிரிந்து மோதிய ஒரேயொரு பெருநிகழ்வு எதனை வெளிப்படுத்தியது என்பனவே இங்கு ஆராயப்படுவன.

1865ஆம் ஆண்டு இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சேவை ஒப்பந்தங்கள் பற்றியது. 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொலிஸ் பற்றியது. முன்னது தொழிலாளி சொல்லாமற் கொள்ளாமல் வேலையை விட்டு நீங்குவதையும், வேலைக்கு வர மறுப்பதையும், துரைக்குப் பணிவின்றி நடப்பதையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. பின்னது நாடு முழுவதற்குமான பொலிஸ் படையை ஒழுங்கமைத்தது. ஓர் ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கோரி வழக்காடுவதே எங்கும் முறை. தோட்டத் தொழிலாளி மீறினால் மட்டும் அவன் குற்றவாளி. துரை மீறினாற் பெரும்பாலும் அது கடன் விவகாரம். இவ்விரு சட்டங்களும் ஒரே ஆண்டிற் பிறந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும் கோப்பித் தோட்டங்கள் பெருகி, 1854இல் கண்டியிலே தோட்டக்காரர் சங்கம் நிறுவப்பட்டு, அதன் குரல் அரசாங்கத்தின் செவியில் ஓங்கி ஒலித்த காலம் அது என்பதை மறந்துவிட முடியாது.

இச்சட்டத்தின்கீழ் வந்த வழக்குகளிலே புலனாய்வென்று சொல்லத்தக்கது எதுவும் நடைபெறவில்லை. நடைபெற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. காலையிற் பிரட்டுக்களத்தில் பேர் பதியும் செக்ரோல் புத்தகமே சான்று. அதிற் பெயரில்லாதவன் வேலைக்கு வராதவன், வராதவன் ஓடிப்போனவன். அதை எழுதுபவர் கணக்கப்பிள்ளை, கையொப்பமிடுபவர் துரை, நீதிமன்றில் முறையிடுபவரும் துரையே. ஓடியவனைத் தேடிப் பிடிக்கும் வேலை கங்காணிக்குரியது. தன் ஊரிலிருந்தும் தன் உறவினரிடையேயிருந்தும் ஆள்கட்டி வந்தவன் அவன். ஆகவே ஒருவன் எந்தத் தோட்டத்து லயத்திலே எந்த மைத்துனன் வீட்டில் ஒளிந்திருப்பான் என்பது எந்தப் பொலிஸ்காரனைவிடவும் அவனுக்கு நன்கு தெரியும். தொலைக்காட்சி நாடகங்களின் துப்பறிவாளர்க்கு வாய்க்காத அறிவு அது. தலைக்குக் கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாக நின்றமையால் அவனைப் பிடிப்பதிற் கங்காணிக்குப் பொருள்நலனும் இருந்தது.

இவ்வமைப்பின் உச்சம் துண்டு முறை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்புபவன், பழைய தோட்டத்திற் பட்ட கடனின் தொகை எழுதிய துண்டைப் பெற்றே போகவேண்டும். அந்தக் கடனைத் தீர்க்கும் புதிய துரைக்கு அவன் உரியவனாவான். துண்டில்லாது மலைப்பாதையில் நடப்பவன் எவனும் ஐயத்துக்குரியவன். நுவரெலியா, ஹட்டன், நாவலப்பிட்டி, புசல்லாவைப் பகுதிகளிலே ஒரு மனிதனின் நடமாட்டத்தைக் கண்காணிக்கப் பொலிஸ் நிலையங்கள் தேவைப்பட்டிரா; ஒரு காகிதத் துண்டே போதுமாயிருந்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைக் கழகத்தை அமைத்து இத்தண்டனை விதிகளுக்கெதிராகக் குரலெழுப்பியவர். நீதிபதியாகவும் பணியாற்றியவராதலால், நீதிமன்றிலே இவ்வழக்குகள் எவ்வளவு விரைவாகவும் எளிதாகவும் முடிவடைந்தன என்பதை அவர் அறிந்திராமல் இருந்திருக்க முடியாது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டு நீங்கியமைக்காகச் சிறையிடும் காலம் முடிவுக்கு வந்தது.

சட்டம் மாறியபோதிலும் தோட்டத்தின் எல்லை மாறவில்லை. தோட்டம் தனியார் நிலம், லயமும் அவ்வாறே. துரையின் அனுமதியின்றி உள்ளே நுழையும் எவரும் அத்துமீறியவராவார். தொழிற்சங்கத்தினர், பத்திரிகையாளர், சிலவேளை உறவினர்கூட இதன்கீழ்ப் பிடிபட்டனர். ஆகவே தோட்டத்துக்குள் நடப்பதைப் புறத்தே நின்று எவராயினும் ஆராய விரும்பினால், அவர் ஆராயத் தொடங்கும்போதே குற்றவாளியாகும் நிலை. கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலையை அறிவதற்காகப் புடவை வியாபாரியின் வேடத்தில் உள்ளே சென்ற செய்தி மலையகத்தார் நன்கறிந்தது. புடவைப் பொட்டணத்தைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகச் சென்று கண்டவற்றைக் குறித்துவந்த அவரை மலையகத்தின் முதல் சுதந்திரப் புலனாய்வாளர் என்று கூறினால் மிகையாகாது. ஆனால் அவருடைய கண்டுபிடிப்புகளை எடுத்துச் சென்று வழக்காடவல்ல வழக்குத்தொடுநர் எவருமிலர். ஆகவே அவர் எழுத்தையும் மேடையையும் நாடினார், 'தேசபக்த'னை நடத்தினார், துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரிடையே உழைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

இதற்கு எதிர்மறையான நிகழ்வொன்று அடுத்த ஆண்டிலேயே இடம்பெற்றது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் மடுல்கெலையிலுள்ள றெலுகஸ் தோட்டத்திற் துரைத்தொழில் பழக வந்தவர். தொழிலாளரின் வாழ்க்கையைக் கண்டு மனம்மாறி, 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் நடைபெற்ற பெருங்கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவும் மேடையிலிருக்க, அவர் தோட்டக்காரரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளையர் ஒருவர் வெள்ளையரின் இரகசியங்களைக் கூலிகளின் முன்னே அவிழ்த்துவிட்டமை துரைமாருக்குப் பொறுக்க முடியாத அவமதிப்பாயிற்று. பொலிசார் அவருடைய நடமாட்டங்களை நோட்டமிட்டனர். அதாவது புலனாய்வு செவ்வனே நடந்தது. ஆனால் அவர்மீது எந்த வழக்கும் தொடுக்கப்படவில்லை. பேசியது குற்றமென்று நீதிமன்றில் நிறுவ முயல்வதைவிட, 1896ஆம் ஆண்டுக் கட்டளையொன்றின்கீழ் தேசாதிபதி றெஜினோல்ட் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிடுவது எளிதாயிருந்தது.

பிரேஸ்கேர்டில் தலைமறைவானார், மே மாதத்தில் காலிமுகத்திடற் கூட்டத்திலே தோன்றினார், பின்னர் கைதானார். அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குகளால் கண்டனத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மே 18இல் பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர்நீதிமன்றம், எச். வி. பெரேராவின் வாதத்தைக் கேட்டபின், அத்தகைய அதிகாரம் அவசரநிலைக் காலத்துக்கே உரியதென்று கூறி அவரை விடுவித்தது. பொலிஸ் மா அதிபர் பி. என். பாங்க்ஸுக்கும் அவருக்கு மேலிருந்த உள்நாட்டமைச்சர் சேர் டி. பி. ஜயதிலகவுக்கும் இடையே, ஆணை பிறப்பிக்கப்படுமுன் யாருக்கு எது தெரிந்திருந்தது என்ற சிக்கல் அப்போதே தலைதூக்கிற்று. மூன்று ஆண்டுகளின் பின் அதே இருவர் மீண்டும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

அதைப் புரிந்துகொள்வதற்கு 1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பின் ஒரு விசித்திரத்தை அறிதல் வேண்டும். அதன்படி தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர் எழுவர். தேசாதிபதியின் அலுவலராகிய அரச செயலாளர் மூவர். பொலிஸ் திணைக்களம் உள்நாட்டமைச்சரின் பொறுப்பிலும், சட்டத்துறை சட்டச் செயலாளர் என்னும் பிரித்தானிய அலுவலரின் பொறுப்பிலும் வைக்கப்பட்டன. புலனாய்வாளர் மக்கள் பிரதிநிதிக்குக் கீழே. வழக்குத்தொடுநர் குடியேற்ற நாட்டு அதிகாரிக்குக் கீழே. மேல்மட்டத்தில் இவ்வாறு பிரிந்தவர்கள், மலைநாட்டின் கீழ்நீதிமன்றுகளிற் பொலிஸ் சார்ஜன்ட் என்னும் ஒரே மனிதரில் மீண்டும் ஒன்றாயினர். அந்த மனிதர் வழக்கை நடத்தும்போது அமைச்சரின் ஊழியரா, சட்டத்தின் ஊழியரா? இவ்வினாவுக்கு அரசியலமைப்பை வரைந்தோர் விடை வைத்திருக்கவில்லை.

1939இன் இறுதியில் உலகப்போரின் விலையேற்றம் தோட்டங்களை எட்டியிருந்தது. வேலைநிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஹேவாஹெட்ட மலைப்பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் சமசமாஜக் கட்சியைச் சார்ந்த தோட்டத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தை நடத்தியது. அச்சங்கத்தின் செயலாளரான வேலுச்சாமி அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சங்கம் அமைப்பதைச் சட்டபூர்வமாக்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சங்கத்தைத் தோட்டத்துக்குள் ஏற்கவோ அதனுடன் பேசவோ துரைமார் இன்னும் பழகவில்லை. 1940 ஜனவரியில் பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார்.

இங்கேதான் தொலைக்காட்சி நாடகத்தின் இலக்கணம் முற்றாக உடைகின்றது. கொலை நடந்துவிட்டது; புலனாய்வாளன் வரவேண்டும். ஆனாற் சுட்டவன் புலனாய்வுத் திணைக்களத்தைச் சேர்ந்தவன். சுடப்பட்டவனின் தோழர்மீது வழக்குத் தொடுப்பதும் அதே திணைக்களம். அவ்வழக்கிற் சாட்சி சொல்பவர்களும் அத்திணைக்களத்தார், தோட்ட நிருவாகத்தார் ஆகியோரே. தொழிலாளர் சட்டவிரோதமாகக் கூடினர், தாக்க முனைந்தனர் என்பது நீதவான் முன்னிலையில் நிறுவப்படுமாயின், துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயம் தானாகவே வந்துவிடும். ஆகவே எந்த விசாரணை முதலில் நடக்கும் என்பது வெறும் நாட்குறிப்பு விடயமாக இருக்கவில்லை.

அரசாங்க சபையின் உள்ளும் புறமும் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக விசாரணை ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன்முன் கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. சமசமாஜத் தலைவர், நாட்டின் சிறந்த குற்றவியல் அப்புக்காத்துகளுள் ஒருவராகப் பின்னாளிற் போற்றப்பட்டவர். (1950களின் தொடக்கத்தில் நாட்டையே ஈர்த்த சதாசிவம் கொலைவழக்கில் எதிரிக்காக வாதாடி 1953இல் விடுதலை பெற்றுக் கொடுத்தவரும் அவரே. அந்த வழக்கிற் புலனாய்வாளர் எதிரியெனப் பிடித்த வேலைக்காரனை வழக்குத்தொடுநர் நிபந்தனை மன்னிப்பளித்துத் தமது சாட்சியாக்கிக்கொண்டனர். நாடகம் வேண்டுவோர்க்கு அது நல்ல கரு.) முல்லோயா விசாரணையில் தோட்ட நிருவாகமும் பொலிசும் எவ்வாறு கைகோத்து இயங்கின என்பதை அவர் சாட்சிகளை வினவி வெளிக்கொணர்ந்தார். அவர் அங்கே வகித்த பாத்திரத்துக்குச் சட்டத்திற் பெயரில்லை. முடியின் வழக்குத்தொடுநர் செய்திருக்க வேண்டிய வேலையை, ஒரு கூலித் தொழிலாளியின் விதவையினுடைய வழக்கறிஞர் என்ற முறையிலே அவர் செய்தார். பொலிஸ் அலுவலரைக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்பதற்கு ஏற்ற ஒரே இடமாக அந்த ஆணைக்குழுவே வாய்த்தது.

இதற்கிடையே தொழிலாளர்மீதான வழக்குகள் நின்றுவிடவில்லை. ஆணைக்குழுவின் விசாரணை நடைபெறுகையில் அவ்வழக்குகளை ஒத்திவைக்கக் கோருமாறு உள்நாட்டமைச்சர் ஜயதிலக பொலிசாரைப் பணித்தார். பாங்க்ஸ் அதற்கு இணங்கவில்லை. தேசாதிபதி சேர் அண்ட்ரு கல்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். தமது திணைக்களத் தலைவரே தம் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை என்றால் அமைச்சர் என்ற பெயர் எதற்கு என்ற வினா எழுந்தது. 1940 பெப்ரவரி இறுதியில் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி துறந்தனர். ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியின் சாவு நாட்டின் அமைச்சரவையை வீழ்த்திய நிகழ்ச்சி அது. பின்னர் தேசாதிபதியுடன் உடன்பாடு ஏற்பட்டு அவர்கள் மீண்டனர்.

வரலாற்று நூல்கள் பலவும் இந்நெருக்கடியை அரைகுறைத் தன்னாட்சியின் முரண்பாடாகவே விளக்குகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களுக்கும் பிரித்தானியத் தேசாதிபதிக்கும் இடையிலான அதிகாரப் போட்டி என்ற அளவில் அவ்விளக்கம் சரியே. ஆனால் அதிற் கோவிந்தன் இரண்டாம் பந்தியிலேயே மறைந்துவிடுகிறார். முல்லோயா ஓர் அடைமொழியாகச் சுருங்கிவிடுகிறது. அமைச்சர்களிற் பலர் இந்தியத் தொழிலாளரின் வாக்குரிமையைச் சுருக்குவதில் அக்கறை காட்டியவர்கள் என்பதையும் மறத்தல் தகாது. அவர்கள் பதவி துறந்தது தம் அதிகாரத்துக்காகவே, தொழிலாளருக்காக அன்று.

சட்டக் கோட்பாட்டை மட்டும் நோக்கினால் பாங்க்ஸின் நிலைப்பாட்டை இலகுவில் தள்ளிவிட முடியாது என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். ஓர் அமைச்சர் விரும்பியபடி ஒரு வழக்கைத் தள்ளிவைக்கலாமெனில், இன்னோர் அமைச்சர் விரும்பியபடி ஒரு வழக்கை முடுக்கிவிடவும் கூடும். வழக்குத் தொடுப்பதில் அரசியல்வாதியின் கை இருத்தலாகாது என்பது குடியரசு நாடுகள் எல்லாம் பிற்காலத்தில் வற்புறுத்திய கொள்கை. இலங்கையின் பிற்கால வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அக்கொள்கைக்கு ஓர் உட்கிடை உண்டு: வழக்குத் தொடுப்பவன் அவ்வழக்கின் முடிவில் தனக்கெனப் பயனில்லாதவனாக இருத்தல் வேண்டும். முல்லோயாவிற் பொலிஸ் அத்தகைய நடுநிலையாளர் அல்லர். தாமே குற்றஞ்சாட்டப்பட்டு நின்றவர். தன்னாதிக்கம் என்ற சரியான கொள்கை, தவறான கையிலே தற்காப்புக் கேடயமாயிற்று. அமைச்சரோ சரியான நோக்கத்துக்குத் தவறான கருவியைத் தேர்ந்தார். இருவருக்கும் புறம்பான வழக்குத்தொடுநர் ஒருவர் இருந்திருப்பின் இருவருமே ஒதுங்கியிருக்கலாம்.

பொலிசைத் தனியே நம்புதலாகாது என்பதை இலங்கைச் சட்டமே அறிந்திருந்தது என்பதுதான் இதிலுள்ள முரண். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அலுவலரிடம் அளித்த குற்ற ஒப்புதல் எதிரிக்கெதிராக ஏற்கத்தக்கதன்று. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைக் கோவையும் பொலிசார் எழுதிக்கொண்ட வாக்குமூலங்களின் பயன்பாட்டுக்குக் கடுமையான வரம்பிட்டது. தொலைக்காட்சி நாடகங்களிலே புலனாய்வாளன் விடியும்வரை கேள்வி கேட்டு ஒப்புதலைப் பெற்றவுடன் கதை முடிகிறது. இலங்கையிலோ, இந்தியாவிலோ அந்த ஒப்புதல் காலையிற் பயனற்ற காகிதமாகிவிடும். புலனாய்வாளனின் நாவை இவ்வளவு நம்பாத சட்டம், கீழ்நீதிமன்றில் வழக்கை நடத்தும் அதிகாரத்தை அவன் கையிலேயே விட்டுவைத்தது. தமிழன்றி வேறு மொழி அறியாத தொழிலாளி, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குற்றப்பத்திரத்தை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டுத் தலையசைத்த நீதிமன்றிலே இம்முரணைச் சுட்டிக்காட்ட எவரும் இருந்ததில்லை.

முல்லோயாவின் பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. 1940 ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின்கீழ்த் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடிய கொல்வினும் அவர்களுள் ஒருவர். அவருக்கெதிராகப் புலனாய்வாளரும் தேவைப்படவில்லை, வழக்குத்தொடுநரும் தேவைப்படவில்லை. 1942 ஏப்ரலில் அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். 1941இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரை போப் கொலையுண்டார். இம்முறை இறந்தவர் துரை. புலனாய்வும் வழக்கும் தடையின்றி ஓடின. வீராசாமி, வேலாயுதம் என்ற இரு தொழிலாளர் தூக்கிலிடப்பட்டனர். இவ்விரு சாவுகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவன் முறைப்பாடு செய்யலாம், நீதிமன்றில் நிற்கலாம். ஆனால் அவனுக்காக அரசாங்க சபையில் எழுந்தது போன்ற கிளர்ச்சியைப் பாராளுமன்றத்திலே எழுப்புவதற்கு அவன் வாக்கினால் வந்த உறுப்பினர் இல்லாமற்போயினர். 1947இல் தோட்டத் தொகுதிகளிலிருந்து சென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர் எழுவருக்கு அடுத்த தேர்தலில் வழித்தோன்றல் இல்லை.

வழக்குத்தொடுநரைத் தனிப் பதவியாக்கும் முயற்சி ஒன்று 1973இல் நடைபெற்றது. அவ்வாண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தின் காலத்தில் பொது வழக்குத்தொடுநர் பணிப்பாளர் என்றொரு பதவி இயங்கியது. சில ஆண்டுகளுக்குள் அது நீக்கப்பட்டு, அப்பணி மீண்டும் சட்டமா அதிபரிடமே சென்றது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைக் கோவைச் சட்டமும் நீதவான் நீதிமன்றிலே பொலிசாரின் இடத்தை அசைக்கவில்லை. இடையில், 1977 மே 11ஆம் நாள், தலவாக்கலைப் பகுதியின் டெவன் தோட்டக் காணியைப் பறிப்பதற்கெதிராகத் திரண்ட தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதிற் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். முல்லோயாவுக்கும் டெவனுக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள். தேசாதிபதி போய்ப் பிரதமர் வந்திருந்தார், துரைத்தனக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன.

கோவிந்தனை நினைந்து ஜனவரி 10ஆம் நாளை மலையகத் தியாகிகள் தினமாகக் கொள்ளும் வழக்கம் பின்னர் தோன்றியுள்ளது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நீதவான் முன்னிலையில் அன்றும் வழக்குகள் கூப்பிடப்படுகின்றன. பொலிஸ் அலுவலர் எழுந்து நின்று, தம் நிலையத்தார் பிடித்துவந்தவரின் வழக்கைத் தாமே எடுத்துரைக்கின்றார்.